40 மீட்டர் டைபோல்: உடனே வெட்டாதீர்கள்

அமெச்சூர் வானொலியின் 40 மீட்டர் அலைவரிசைக்கு (7 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) டைபோல், அதாவது நடுவில் இரண்டாகப் பிரித்த கம்பி ஆன்டெனா கட்டியிருக்கிறீர்கள். மொத்தம் 20.1 மீட்டர் கம்பி, எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா எவ்வளவு பொருந்தியிருக்கிறது என்பதன் அளவு; 1-க்கு அருகில் இருந்தால் நல்லது) 6.85 மெகாஹெர்ட்ஸில்தான் இறங்குகிறது, 7.1-இல் 2.5 காட்டுகிறது என்கிறீர்கள். கணக்கில் பிழையில்லை. ஆனால் 143-ஐ 7.1-ஆல் வகுத்து நீளம் காண்பது உறையில்லாத செம்புக்கு. நீங்கள் கட்டியிருப்பது பிவிசி உறை போட்ட வீட்டு வயர். உறை அலைவேகத்தைக் குறைப்பதால் ஒத்ததிர்வு, அதாவது கம்பி இயல்பாக ஒத்திசையும் அதிர்வெண், கீழே இறங்கும். முனைகள் தாழ்வாக இருந்தால் இன்னும் இறங்கும்.

20.1 × 6.85 ÷ 7.1 = 19.4. அதாவது பக்கத்துக்கு 35 செ.மீ. அதிகம். முதலில் ஒவ்வொரு முனையிலும் 30 செ.மீ. மடித்து, கம்பியோடு நெருக்கமாக முறுக்கி, மேலே ஏற்றி அளவெடுங்கள். மடிப்பு தளர்ந்து தொங்கினால் அளவு பொய் சொல்லும். வெட்டுவது கடைசியில்தான்.

அதற்கும் முன்னால் ஒன்று: ரேடியோவிலிருந்து ஆன்டெனாவுக்குப் போகும் கோஆக்ஸ் கேபிளைக் கையால் பிடித்ததும் எஸ்டபிள்யூஆர் மீட்டரின் முள் ஆடுகிறதா? ஆடினால் கம்பியைத் தொடவே வேண்டாம். எஃப்டி240-43 ஃபெரைட் வளையத்தில் ஆர்ஜி-58 கோஆக்ஸ் கேபிளைப் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றி, டைபோலின் நடுவில் சோக்காக (கேபிளின் வெளிப்புறத்தில் ஓடும் மின்னோட்டத்துக்குத் தடையாக) போட்டுவிட்டு மறுபடி அளவெடுங்கள்.