ஜப்பான் வரும் தம்பிக்கு: பாராட்டச் சொல்லிக் கேட்கிற நாட்டில் எப்படி இருப்பது

தம்பி, ஏப்ரலில் டோக்கியோவில் ஐடி வேலைக்குக் குடும்பத்தோடு வருவதாகச் சொல்லி நாலு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். சைவச் சாப்பாடு கிடைக்குமா, சம்பளத்தில் எவ்வளவு மிஞ்சும், பிள்ளைக்குப் பள்ளி எப்படி என்பவை மூன்று. ஜப்பானியர் சதா தங்கள் நாட்டைப் புகழ்ந்துகொள்வார்களாமே, ‘ஜப்பானியருக்கே முதலிடம்’ என்ற கட்சி வேறு ஜெயித்திருக்கிறதே, நாம் எப்படி நடந்துகொள்வது என்பது நாலாவது. டோக்கியோவில் இந்தியர் நிறைய வாழும் நிஷிகசாய் பக்கம் போனால் துவரம்பருப்பும் புளியும் கிடைக்கும். மிச்சம் பிடிப்பது உங்கள் வீட்டுக்காரம்மா கையில். நாலாவது கேள்விதான் முக்கியம்.

டிவியைப் போட்டால் ‘நிஹோன் சுகோய்’ என்ற வகை நிகழ்ச்சிகள் வரும். ஜப்பான் அபாரம் என்று அர்த்தம். 2011 நிலநடுக்கத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் இவை பெருகின. அமைப்பு எப்போதும் ஒன்றுதான்: ஒரு கைவினைஞர், ஒரு கழிப்பறை, ஒரு கத்தி, எதிரே வாய்பிளந்து நிற்கும் வெளிநாட்டவர். அந்த வெளிநாட்டவர் இல்லாவிட்டால் நிகழ்ச்சியே இல்லை. தன் பெருமைக்கு அடுத்தவன் சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது, அந்தச் சாட்சி வேலைக்குத்தான் உங்களைக் கூப்பிடுவார்கள். அலுவலகத்திலும் இதே கதைதான். “இந்தியாவில் நான்கு பருவங்கள் உண்டா?”, “சாப்ஸ்டிக் பிடிக்க வருகிறதே!”, “நிஹோங்கோ ஜோஸு தேஸு நே!” (ஜப்பானியம் நன்றாகப் பேசுகிறீர்களே!). இதிலெல்லாம் கெட்ட எண்ணம் கிடையாது. “இயே இயே, மாதா மாதா தேஸு” (இல்லையில்லை, இன்னும் எவ்வளவோ இருக்கிறது) என்று சொல்லி லேசாகத் தலைகுனிந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். பருவங்களைப் பற்றி வாதாடினால் முடியாது.

ஆனால் இந்தத் தனித்தன்மைப் பேச்சுக்கு ஒரு வரலாறு உண்டு, அதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானியர் மற்றவரைப் போன்றவர் அல்லர் என்று நிறுவும் எழுத்துக்கு ‘நிஹோன்ஜின்ரோன்’ என்றே பெயர். 1980களில் மாட்டிறைச்சி இறக்குமதியை மறுக்க, ஜப்பானியரின் குடல் நீளம், அதனால் செரிக்காது என்று பேசிய ஹட்டா த்ஸுதோமு 1994-ல் பிரதமராகவும் ஆனார். தனித்தன்மை என்ற பேச்சு எப்போது கொள்கையாக மாறுகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

புகழ்ச்சியில் ஒரு வகையிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். மது விருந்தில் வயதானவர் ஒருவர் உங்கள் தோளில் கைபோட்டு, “இந்தியா ஷின்னிச்சி நாடு” என்பார். ஜப்பானை நேசிக்கும் நாடு என்று பொருள். அடுத்த மூச்சில் சந்திர போஸ், நீதிபதி ராதாபினோத் பால் பெயர்கள் வரும். இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஜப்பானியத் தலைவர்கள்மேல் நடந்த போர்க்குற்ற வழக்கான டோக்கியோ விசாரணையில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் எல்லோரையும் விடுவிக்கச் சொல்லித் தனித் தீர்ப்பு எழுதியவர் பால். போரில் இறந்த ஜப்பானியருக்கான யாஸுகுனி ஆலய வளாகத்தில் 2005-ல் அவருக்கு நினைவுக்கல்லும் வைத்தார்கள். நம்மவர்கள் பலர் இதைக் கேட்டு உச்சி குளிர்ந்து, “ஆமாம், சீனர்கள்தான் மோசம்” என்று சேர்ந்து பாடிவிடுகிறார்கள். அது பெரிய தவறு. ஜப்பானியப் படைகளின் கொடுமைகளுக்கு ஆதாரம் மலைபோல் இருக்கிறது என்பதை அதே தீர்ப்பில் பாலும் ஒப்புக்கொண்டிருக்கிறார். இதைச் சண்டைக்கு எடுக்க வேண்டாம், தலையாட்டவும் வேண்டாம். “வரலாறு எனக்குக் கஷ்டம்” என்று சொல்லிச் சாப்பாட்டுப் பக்கம் பேச்சைத் திருப்புங்கள்.

தமிழராக நமக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. குதான்ஷிதா நிலையத்தில் இறங்கி யாஸுகுனிக்குள் போனால் யூஷூகான் அருங்காட்சியகத்தின் முன்கூடத்தில் கருப்பு நீராவி எஞ்சின் ஒன்று துடைத்து மினுமினுப்பாக நிற்கும். சி56 வகை, எண் 31. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியப் படை போட்ட சயாம்–பர்மா மரண ரயில்பாதையில் ஓடியது, 1979-ல் தாய்லாந்திலிருந்து திரும்பி வந்தது. அந்த 415 கிலோமீட்டர் பாதையைப் போட மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆசைகாட்டியும் பிடித்தும் கொண்டுபோன தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் காலராவிலும் பட்டினியிலும் செத்தார்கள். அதன் முன்னால் நின்று சிரித்துப் படம் எடுத்துப் போடும் நம் பிள்ளைகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது. போங்கள், பாருங்கள். தெரிந்துகொண்டு பாருங்கள்.

தெருவில் தீவிர வலதுசாரிகளின் கருப்பு வேன்கள் போர்க்காலப் பாட்டைப் போட்டுக்கொண்டு போகும். கைசென்ஷா, அதாவது பிரசார வண்டி என்பார்கள். மேலே ஒலிபெருக்கிகள், பக்கவாட்டில் உதயசூரியக் கொடி. பிப்ரவரி 7, ஆகஸ்ட் 9 தேதிகளில் ரஷ்யத் தூதரகப் பக்கமும், ஆகஸ்ட் 15-ல் குதான்ஷிதாவிலும் அதிகம். அவர்கள் இலக்கு நீங்கள் அல்ல. போனை உயர்த்திப் படம் எடுக்காதீர்கள், நின்று முறைக்காதீர்கள், அடுத்த தெருவில் திரும்பிவிடுங்கள்.

சத்தம் போடுகிறவர்களைவிடச் சத்தமில்லாமல் வருவதுதான் உங்களைத் தொடும். நீங்கள் கேட்ட அந்த ‘ஜப்பானியருக்கே முதலிடம்’ கட்சியான சான்செய்தோ 2025 ஜூலை மேலவைத் தேர்தலில் 14 இடங்களைப் பிடித்தது. வெளிநாட்டவரால் குற்றம் பெருகுகிறது என்பது பிரசாரம். உண்மையில், 2005-ல் உச்சத்தில் இருந்த வெளிநாட்டவர் குற்ற வழக்குகள் இன்று பாதிக்கும் கீழே. வெளிநாட்டவர் தொகையோ 20 லட்சத்திலிருந்து 2024 முடிவில் 37 லட்சத்தைத் தாண்டிவிட்டது. வெறுப்புப் பேச்சுக்கு எதிராக 2016-ல் சட்டம் வந்தது, ஆனால் தண்டனை கிடையாது. கவாசாகி நகரம்தான் 5 லட்சம் யென் வரை அபராதம் வைத்தது.

ஆகவே உங்கள் காகிதங்களில் ஓட்டை இருக்கக் கூடாது. ஜைர்யூ கார்டு என்ற வதிவிட அட்டை எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும். கையில் இல்லாவிட்டால் 2 லட்சம் யென் வரை அபராதம். வீடு குடிபுகுந்த 14 நாளுக்குள் வார்டு அலுவலகத்தில் முகவரி பதியுங்கள். பலர் சறுக்குவது வேலை மாறும்போதுதான். பழைய கம்பெனியை விட்டு அடுத்ததில் சேர ஒரு மாதம் இடைவெளி விழுந்தால் அந்த மாதத்துக்கு நீங்களே தேசிய ஓய்வூதியத்திலும் காப்பீட்டிலும் 14 நாளுக்குள் சேர வேண்டும். சம்பளத்தில் பிடித்துவந்த குடியிருப்பு வரி அப்போது வீட்டுக்குச் சீட்டாக வரும். உறையைப் பிரிக்காமல் மேசையில் போட்டு வைப்பவர்கள் ஏராளம். பிறகு கட்டிவிட்டேன் என்பது நிரந்தர வதிவிட விண்ணப்பத்தில் செல்லாது. கெடு தேதிக்குள் கட்டினீர்களா என்றே பார்ப்பார்கள்.

வீடு தேடும்போது ‘வெளிநாட்டவருக்கு இல்லை’ என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். அங்கே மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்காமல் அரசு சார்ந்த வாடகை வீடுகளான யூஆர் குடியிருப்புக்குப் போங்கள். வீட்டுக்காரருக்குக் கொடுத்தால் திரும்பி வராத சாவிப் பணம், ஜாமீன், தரகுக் கூலி எதுவும் இல்லை. நிஷிகசாயில் நம்மவர்கள் குவிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பள்ளி விழாவில் தேசிய கீதமான ‘கிமிகயோ’ பாடும்போது எழுந்து நில்லுங்கள், பாடவேண்டும் என்பதில்லை. அங்கே பிள்ளைகளே வகுப்பறையைத் துடைப்பதைப் படம் பிடித்து, துப்புரவுப் பணியாளரே இல்லாத நாடு என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்களே, அது பொய். பணியாளர் உண்டு. ஊரை மட்டம் தட்டி ஜப்பானைத் தூக்குகிற இந்தக் கூட்டத்தில் சேராதீர்கள். பதிலுக்கு ஜப்பானிய மொழியறிஞர் ஓனோ சுசுமுவை இழுத்து, ஜப்பானியமே தமிழிலிருந்து வந்தது என்று அலுவலகத்தில் மார்தட்டுவதும் வேண்டாம். மொழியியலாளர் பெரும்பாலோர் அவர் கருத்தை ஏற்கவில்லை, அவர்கள் பெருமையும் நம் பெருமையும் அங்கே ஒரே எடை.

முன்பு நிலைமை இன்னும் கடினம். வெளிநாட்டவர் பெயர் குடியிருப்போர் பதிவான ஜூமின்ஹியோவில் ஏறாது, ஜப்பானியரை மணந்து இருபது வருடம் இருந்தாலும் அந்தத் தாளில் அவர் இல்லை. 2003-ல் யோகோஹாமாவின் நிஷி வார்டு ஆற்றில் நீந்திய டாமாச்சான் என்ற சீலுக்குக் கௌரவ ஜூமின்ஹியோ கொடுத்தது. வெளிநாட்டவர் சிலர் முகத்தில் மீசை வரைந்துகொண்டு, எங்களுக்கும் கொடுங்கள் என்று ஊர்வலம் போனார்கள். 2012 ஜூலையில்தான் அது மாறியது. இன்று 300 யென் கொடுத்தால் உங்கள் பெயர், மனைவி பெயர், பிள்ளை பெயர் மூன்றும் ஒரே தாளில் அச்சாகி வரும். வாங்கும்போது நாட்டுரிமை, வதிவிட நிலை என்ற கட்டங்களை மறக்காமல் டிக் செய்யுங்கள். அவை இல்லாத தாளைக் குடிவரவு அலுவலகம் திருப்பி அனுப்பிவிடும்.