சிவப்பு உடையில் ஓர் இளவரசி

கேள்வி: வெர்சாய் அரண்மனை ஓவியம் ஒன்றின் படத்தைப் பார்த்தேன். பொன் வேலைப்பாடு கொண்ட சிவப்பு உடையில் ஓர் இளவரசி செல்லோ வாசிக்கிறார். நிஜமாகவே அவருக்கு வாசிக்கத் தெரியுமா, இல்லை படத்துக்காகக் கையில் கொடுத்தார்களா?

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானதுதான். ரொகோகோ எனும் பதினெட்டாம் நூற்றாண்டு அலங்காரப் பாணி ஓவியங்களில் இசைக்கருவியை வெறும் அலங்காரமாக ஏந்திய சீமாட்டிகள் உண்டு. ஆனால் இவர் நன்றாகவே வாசித்தவர். பெயர் ஆன்ரியெட், பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயியின் மகள். வரைந்தவர் ழான்-மார்க் நாட்டியே.

கையில் இருப்பது செல்லோ இல்லை, வியோல் என்ற பழைய வில் வாத்தியம். செல்லோவுக்கு நான்கு தந்திகள். பிரான்சில் அப்போது புழங்கிய பெரிய வியோலுக்கு ஏழு. வீணைக்கு இருப்பதுபோல மெட்டுகளும் உண்டு, ஆனால் அவை குடல் நரம்பைச் சுற்றிக் கட்டியவை. தரையில் ஊன்ற அடியில் கம்பி கிடையாது, கெண்டைக்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொள்ள வேண்டும். அத்தனை அகலமான அரண்மனைப் பாவாடையோடு இது லேசான காரியமா?

வில் பிடித்த கையை அவசியம் பாருங்கள். வயலின்காரர்கள் வில்லை மேலிருந்து பிடிப்பார்கள். வியோல் வாசிப்பவரோ கீழிருந்து, உள்ளங்கை மேல்நோக்கி இருக்கும்படி பிடிப்பார்.

ஆன்ரியெட்டின் ஆசிரியர் ழான்-பாத்தீஸ்த் ஃபோர்க்ரே, அன்றைய பெரிய வியோல் கலைஞர்களில் ஒருவர். தன் தந்தையின் வியோல் இசையை 1747இல் அச்சிட்டபோது, அதை இந்த மாணவிக்கே அவர் காணிக்கையாக்கினார். விரல்களைப் படாதபாடு படுத்தும் இசை அது.

நாட்டியே அரசவைப் பெண்களைத் தேவதைகளாக வேடமிட்டு வரைவதில் பேர்போனவர். இதே ஆன்ரியெட்டை 1742இல் மலர்களின் தேவதையான ஃப்ளோராவாக வரைந்திருக்கிறார். அழகான படம்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே அவரிடம் பூக்கள் மட்டுமே. வியோல் படத்தில்தான் அவர் தாமாக, தமக்குப் பிடித்த வேலையோடு இருக்கிறார். அதனாலேயே எனக்கு இது பல மடங்கு உயர்ந்ததாகப் படுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆன்ரியெட் 1752 பிப்ரவரியில் பெரியம்மையால் இறந்தார், வயது 24. படத்துக்குரிய ஆண்டோ 1754. அவர் போன பிறகுதான் ஓவியம் முழுமை பெற்றது. அப்போதே வியோலுக்கும் மவுசு குறைந்து, செல்லோவும் வயலினும் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன.

அடுத்த முறை படத்தைப் பார்க்கும்போது ஃபோர்க்ரே தொகுப்பின் ஒலிப்பதிவு ஏதாவது ஒன்றையும் போட்டுக் கேளுங்கள். இவருக்குத் தெரியுமா என்ற கேள்வி அப்புறம் எழாது.