மூன்று கால் நாய்க்கு என்ன உடற்பயிற்சி? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் நாட்டு நாய்க்கு வயது மூன்று, எடை 18 கிலோ. லாரி மோதியதால் இடது பின்னங்காலை இடுப்பு வரை எடுத்துவிட்டார்கள். தையல் பிரித்து இரண்டு வாரம் ஆகிறது. தெருவில் பழையபடி ஓடுகிறான். வீட்டுக்குள் டைல்ஸில் மட்டும் வழுக்கி விழுகிறான். இவனுக்குத் தனியாகப் பயிற்சி வேண்டுமா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: வேண்டும். ஓடுவதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். மூன்று காலில் ஓடுவது எளிது. மெதுவாக நடப்பதுதான் கடினம். துள்ளி ஓடும்போது அந்த வேகமே உடம்பைச் சாயவிடாமல் கொண்டுபோய்விடும். மெல்ல நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் இடுப்பும் முதுகும் தசை பலத்தால் தாங்கியாக வேண்டும். அந்தப் பலம் இல்லாததால்தான் டைல்ஸில் விழுகிறான்.

முதலில் தரையைச் சரிசெய்யுங்கள். படுக்கும் இடத்திலிருந்து சோற்றுத்தட்டு வரைக்கும், அங்கிருந்து வாசல் வரைக்கும் ரப்பர் விரிப்போ யோகா மேட்டோ போடுங்கள். கோரைப்பாய் வேண்டாம், நாயோடு சேர்ந்து அதுவும் வழுக்கும். நகத்தை வெட்டி, பாதத்தின் அடியில் விரல்களுக்கிடையே வளர்ந்த முடியையும் கத்தரித்துவிடுங்கள். வழுக்கும் தரையில் பயிற்சி கொடுத்தால் ஒற்றைப் பின்னங்கால் வெளியே சறுக்கி, தொடையின் உட்புறத் தசை பிடித்துக்கொள்ளும். அது ஆற வாரக்கணக்கில் ஆகும்.

மருத்துவர் காயத்தைப் பார்த்து 'சரி' என்ற பிறகு இந்த நான்கைத் தொடங்கலாம்.

நின்றபடி தாங்குதல்: விரிப்பின் மேல் நிற்க வையுங்கள். ஒரு கை வயிற்றுக்கடியில் தயாராக இருக்கட்டும், தொட வேண்டாம். மற்றக் கையின் இரண்டு விரலால் இடுப்பைப் பக்கவாட்டில் மெல்ல அழுத்துங்கள். அவன் பதிலுக்கு எதிர்த்துத் தள்ளுவது விரலில் தெரியும். மூன்று முதல் ஐந்து விநாடி, பக்கத்துக்கு ஐந்து முறை. பாதம் நகர்ந்தால் அழுத்தம் அதிகம் என்று பொருள். இருக்கும் பின்னங்கால் உடம்பின் நடுக்கோட்டுக்கு நகர்ந்து நிற்பதைப் பார்ப்பீர்கள். அது இயல்பு. 'நேராக நில்' என்று வெளியே இழுத்து வைக்காதீர்கள்.

கழுத்துத் திருப்பல்: வேகவைத்த கோழித் துண்டு ஒன்றை மூக்கருகே பிடித்து, தோள்பட்டை வரைக்கும், பிறகு இடுப்பு வரைக்கும், பிறகு முன்னங்கால்களுக்கு நடுவே கீழேயும் மெதுவாகக் கொண்டுபோங்கள். ஐந்து விநாடி நிறுத்திவிட்டுக் கொடுங்கள். ஒவ்வொரு பக்கமும் மூன்று முறை. தலை மட்டும் திரும்ப வேண்டும். கால் எடுத்துவைத்துச் சுற்றிவிட்டால், கை வேகமாகப் போயிருக்கிறது.

முன்பாதம் மேலே: ஆடாத பலகை ஒன்று, செங்கல் உயரம், அதாவது மூன்று அங்குலம் போதும். முன்னங்கால் இரண்டையும் அதில் ஏற்றி நிறுத்தினால் எடை பின்னே போகும். முதல் வாரம் 10 விநாடி, மூன்று தடவை. தடுமாறாமல் நின்றால் வாரத்துக்கு ஐந்து விநாடி கூட்டி 30 வரை போகலாம். அதற்கப்புறம்தான் பலகைக்குப் பதிலாகக் கெட்டியான சோபா மெத்தை. முதல் நாளே காற்றடைத்த பந்தில் ஏற்றிக் காட்டும் வீடியோக்களைப் பார்த்துக் கிளம்பாதீர்கள்.

உட்கார்ந்து எழுதல்: இதுதான் முழங்காலுக்கும் தொடைக்கும் உண்மையான பலம் தருவது, தப்பாகச் செய்யப்படுவதும் இதுதான். கால் இல்லாத பக்கம் சுவரை ஒட்டியிருக்கும்படி உட்கார வையுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பக்கமாகச் சரிந்து உட்காருவான். கோழித் துண்டை மூக்குக்குச் சற்று மேலே, கொஞ்சம் முன்னால் பிடித்து எழுப்புங்கள். தூரமாகப் பிடித்தால் முன்னங்கால்களால் இழுத்துக்கொண்டு நடந்தே எழுந்துவிடுவான். பின்னங்காலுக்கு வேலையே இருக்காது. சிரமப்பட்டால் நான்கு அங்குல உயர மெத்தையில் உட்கார வைத்து எழுப்புங்கள். மூன்று முதல் ஐந்து முறை, ஒருநாள் விட்டு ஒருநாள்.

இதோடு கயிறு பிடித்த நடை: ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று தடவை, அவன் துள்ளாத அளவு மெதுவாக. மறுநாள் காலை விறைப்பில்லாமல் எழுந்தால் மட்டும் அடுத்த வாரம் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். கால் நடுங்குவது, நகம் தரையில் உரசும் சத்தம், முதுகைக் கூன் போடுவது, தீனியைப் பார்த்தும் முகத்தைத் திருப்பிக்கொள்வது, இவற்றில் எதைக் கண்டாலும் அன்றைக்கு அத்தோடு நிறுத்துங்கள். 'இன்னும் ஒரே ஒரு தடவை' என்பதில்தான் பெரும்பாலும் அடிபடுகிறது.

முன்னங்கால்களை மறக்க வேண்டாம். பின்னங்கால் ஒன்று போன நாய்க்கு, உடல் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு முன்னே போய்விடும். நடை முடிந்ததும் தோளையும் கழுத்தையும் உள்ளங்கையால் ஐந்து நிமிடம் நீவிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு 34 கிலோ. எலும்புப் புற்றுநோய்க்காக வலது முன்னங்காலை எடுத்தார்கள். இதே பயிற்சிகள் அவளுக்கும் பொருந்துமா?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அப்படியே பொருந்தாது. நாய் முன்பக்கமே கனமான பிராணி. நான்கு காலும் இருக்கும்போது எடையில் 60 சதவீதம் முன்னங்கால்களில்தான். உங்கள் லாப்ரடாருக்கு அது காலுக்குப் பத்து கிலோ. இப்போது அந்த ஒற்றை முன்னங்கால் மொத்த எடையில் பாதிக்கு அருகில் சுமக்கிறது. அந்தக் காலை எடுத்துவைக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் தலையை மேலே வீசி எடையைப் பின்னே தள்ள வேண்டியிருக்கிறது. அதனால் கழுத்தும் முதுகும் சீக்கிரம் இறுகிப்போகும்.

எனவே இவளுக்கு முதல் வேலை பின்னங்கால்களைப் பலப்படுத்துவது. முன்பாதத்தை மூன்று அங்குலப் பலகையில் வைத்து நிறுத்துவது இவளுக்கும் நல்லது. முன்னங்காலுக்கு ஓய்வு, பின்னங்கால்களுக்கு வேலை. உட்கார்ந்து எழுவதும் செய்யலாம். ஆனால் படுத்து எழும் பயிற்சியைத் தள்ளிவைக்கவும். படுக்கும்போது மார்பு தொப்பென்று விழும். பின்பாதங்களைப் பலகையில் ஏற்றுவது முன்னங்காலுக்குச் சுமை கூட்டும். ஆறு வாரமாவது போகட்டும். அப்போதும் ஓர் அங்குல உயரம், ஐந்து விநாடி போதும்.

சோற்றுத்தட்டை முழங்கை உயரத்துக்கு ஏற்றி வையுங்கள். தரையில் இருந்தால் குனியும்போது முன்னே சாய்ந்துவிடுவாள். மாடிப்படி இறங்கும்போது முதுகில் கைப்பிடியுள்ள அகலமான மார்புப்பட்டையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கழுத்துப்பட்டை வேண்டாம். ஆட்டோவிலிருந்தோ கட்டிலிலிருந்தோ குதிக்கவே விடாதீர்கள்.

வாரம் ஒருமுறை அவள் நிற்கும்போது பக்கவாட்டில் குனிந்து மணிக்கட்டைப் பாருங்கள். போன வாரத்தைவிடத் தரையை நோக்கி இறங்கியிருந்தால் பின்புறத் தசைநார் தளர்கிறது. பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். இதில் தாமதித்தால் இருக்கும் ஒரே முன்னங்காலும் வீணாகிவிடும்.

கடைசியாக, கேட்க விரும்பாத விஷயம்: எடை. விலா எலும்பைத் தடவினால் உங்கள் புறங்கையைத் தடவுவதுபோல் எலும்பு தட்டுப்பட வேண்டும். உள்ளங்கைபோல் மெத்தென்றிருந்தால் கொழுப்பு. பயிற்சிக்குக் கொடுக்கும் தீனியையும் அன்றைய சாப்பாட்டிலிருந்தே எடுத்துக் கொடுங்கள். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் நாட்களில் பயிற்சி வேண்டாம், மெதுநடை போதும்.

கேள்வி: எங்கள் மூன்று கால் நாய் மாலையில் பயிற்சிக்குப் பிறகு நொண்டுகிறான். வீட்டிலுள்ள வலி மாத்திரையில் பாதி கொடுக்கலாமா?
- வாசகர், விருதுநகர்

பதில்: கூடவே கூடாது. மனிதர்கள் போடும் இபுபுரூஃபென் நாயின் வயிற்றில் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். இரண்டு நாள் ஓய்வு கொடுங்கள். பிறகு பயிற்சியைப் பாதி அளவிலிருந்து தொடங்குங்கள். ஓய்விலும் வலி தணியாவிட்டால் முழங்கால் தசைநார் கிழிந்திருக்கிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும்.

கேள்வி: தோட்டத்தில் பம்புசெட் தொட்டி இருக்கிறது. நீந்த விடலாமா?
- வாசகி, பொள்ளாச்சி

பதில்: நீந்துவதைவிடத் தண்ணீரில் நடப்பது நல்லது. இடுப்பு மூட்டு வரை தண்ணீர் இருந்தால், நான்கு கால் நாய்க்கே உடல் எடையில் சுமார் 38 சதவீதம்தான் கால்களுக்கு வருகிறது. மூட்டு நோகாமல் தசை வேலை செய்யும். தொட்டித் தரையில் பாசி இருந்தால் சுரண்டி எடுத்துவிட்டு ரப்பர் விரிப்பைக் கல் வைத்து அழுத்துங்கள். மோட்டார் ஓடும்போது இறக்காதீர்கள். மூன்று நிமிடத்தில் தொடங்குங்கள். நீங்களும் உள்ளே நிற்க வேண்டும்.

நீந்த விட்டால் கால் இல்லாத பக்கம் சாய்ந்து வட்டமடிக்கும் நாய்கள் உண்டு. கைப்பிடி வைத்த மிதவைச் சட்டை இல்லாமல் ஆழத்தில் விடாதீர்கள். கிணற்றைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், ஏறி வர வழியில்லை. காயம் முழுக்க மூடாத நாய்க்குத் தொட்டியும் கிடையாது.

கேள்வி: செயற்கைக் கால் பொருத்தினால் பயிற்சியே தேவையில்லை என்கிறார்களே?
- வாசகர், மதுரை

பதில்: பொருத்துவதற்குக் காலின் மேற்பகுதி போதிய நீளம் மிஞ்சியிருக்க வேண்டும். தோள்பட்டையோடோ இடுப்போடோ எடுத்திருந்தால் மாட்டுவதற்கு இடமில்லை. மாட்டினாலும் பழக்கப் பயிற்சி உண்டு, தோல் உரசிப் புண்ணாகிறதா என்று தினமும் பார்க்கும் வேலையும் சேரும்.

கேள்வி: நான்கு மாதக் குட்டி, பிறவியிலேயே ஒரு முன்னங்கால் வளரவில்லை. எப்போது தொடங்கலாம்?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: கழுத்துத் திருப்பலையும் விரிப்பில் நிற்பதையும் இன்றே விளையாட்டாகத் தொடங்கலாம், ஒரு தடவைக்கு இரண்டு நிமிடம். எலும்பின் வளர்ச்சிப் பகுதி மூடும்வரை குதித்தல், படி, பந்தை எறிந்து துரத்தவிடுதல் மூன்றும் வேண்டாம். சிறிய இனத்துக்கு ஒரு வயது, பெரிய இனத்துக்கு ஒன்றரை வயது வரை பொறுங்கள். வளராத கால் தரையில் உரசிப் புண்ணானால் அதை என்ன செய்வதென்று இப்போதே மருத்துவரிடம் கேட்டு வையுங்கள்.