ஏஞ்சல் மீன் முட்டை வெள்ளையாகிறது: ஜோடி உண்மையிலேயே ஜோடியா?

கேள்வி: ஐயா, திருவள்ளூர் பக்கம் வீட்டுக் கொட்டகையில் ஆறு கண்ணாடித் தொட்டி போட்டு வண்ண மீன் வளர்க்கத் தொடங்கியிருக்கிறேன். ஒரு வியாபாரி 'கன்ஃபர்ம் ஜோடி' என்று சொல்லிக் கொடுத்த ஏஞ்சல் மூன்று முறை முட்டையிட்டது. மூன்று முறையும் இரண்டே நாளில் எல்லா முட்டையும் வெள்ளையாகிவிட்டது. மெத்திலீன் ப்ளூ மருந்து ஊற்றியும் பயனில்லை. ஆண் எது, பெண் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதே ஆள் இரண்டு அங்குல பீகாக் சிச்லிட் மீன், பளீரென்ற நீலம், அத்தனையும் ஆண் என்கிறார். வாங்கலாமா?

பதில்: தம்பி, மற்ற நாட்களில் ஏஞ்சலை மேலாகப் பார்த்து ஆண், பெண் சொல்வது குருட்டு யோகம்தான். நெற்றி மேடாக இருந்தால் ஆண் என்பார்கள். வயதான பெண்ணுக்கும் மேடு வரும். வால் நீளம், வயிற்றுப் பருமன் எல்லாம் தீனியைப் பொறுத்தது. நம்பக்கூடிய அடையாளம் முட்டையிடுவதற்கு ஓரிரு நாள் முன்னால்தான் வெளியே வரும். இரண்டும் முட்டையிட வைத்த ஸ்லேட்டையோ பிவிசி குழாயையோ வாயால் சுத்தம் செய்ய ஆரம்பித்ததும், பக்கவாட்டில் டார்ச் அடித்து, வயிற்றுக்கடியில் குதத் துடுப்புக்குச் சற்று முன்னால் பாருங்கள். சின்னதாக ஒரு குழல் நீட்டிக்கொண்டிருக்கும். மெலிசாக, கூராக, முன்பக்கம் சாய்ந்திருந்தால் ஆண். தடித்து, நுனி மழுங்கி, வால் பக்கம் பார்த்திருந்தால் பெண்.

உங்கள் தொட்டியில் இரண்டுமே தடித்த குழலாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஆண் இல்லாதபோது இரண்டு பெண் ஏஞ்சல் ஜோடி சேரும்; இடம் பிடிக்கும், மற்றதை விரட்டும், முட்டையும் இடும். அடுத்த முறை அருகிலேயே உட்கார்ந்து பாருங்கள். ஒரு மீன் வரிசையாக முட்டை ஒட்டிக்கொண்டே மேலே போக, இன்னொன்று பின்னாலேயே அதே வரிசையை உரசிக்கொண்டு போய், அது போன இடத்தில் புது முட்டை எதுவும் இல்லையென்றால் அது ஆண். இரண்டும் மாறி மாறி முட்டை வைத்தால் இரண்டுமே பெண், கதை முடிந்தது. மெத்திலீன் ப்ளூ பூஞ்சையைத்தான் தடுக்கும், கருக்கூடாமல் வெள்ளையாகும் முட்டையை அது என்ன செய்யும்?

ஒருவேளை குழல் பார்த்து ஆண் உறுதியானால் தண்ணீரைப் பாருங்கள். கடினமான போர் தண்ணீரில் கருக்கூடுவது குறையும். மழைநீரோ ஆர்.ஓ. தண்ணீரோ பாதி கலந்து பாருங்கள். இளம் ஆணுக்கு முதல் சில ஈடு முட்டை வீணாவதும் சகஜம்.

ஆனால் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: நன்றாகக் குஞ்சு பொரிக்கிற ஜோடியை ஒரு வியாபாரி ஏன் விற்கிறார்? பதினைந்து நாளுக்கு ஒருமுறை முட்டையிட்டு, குஞ்சை ஒழுங்காகக் காக்கிற ஏஞ்சல் ஜோடி இருந்தால் நானோ நீங்களோ கொடுப்போமா? விற்பனைக்கு வருவது பெரும்பாலும் வயதாகி ஓய்ந்தது, முட்டையைத் தின்பது, இல்லையென்றால் ஒரே தொட்டியில் கிடந்த ஏதோ இரண்டு. 'கன்ஃபர்ம்' என்ற சொல்லுக்காக நீங்கள் கூடுதல் காசு கொடுத்திருக்கிறீர்கள்.

ஜோடி வாங்காதீர்கள். எப்போதுமே வாங்காதீர்கள். ஒரு ரூபாய் நாணயம் அளவில், சுறுசுறுப்பான குஞ்சாக ஆறு முதல் எட்டு வாங்குங்கள். பாதியை ஒருவரிடமும் மீதியை வேறொருவரிடமும் எடுத்தால் உடன்பிறப்புக் கலப்பு குறையும். கூட்டமாக வளருங்கள். எட்டுப் பத்து மாதத்தில் தாமாக ஜோடி பிரியும். இரண்டு மீன் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்றதை ஒதுக்கும். அந்த இரண்டையும் தனித்தொட்டிக்கு மாற்றி, குழலையும் பார்த்துக்கொள்ளுங்கள். காத்திருக்க மனமில்லாதவர்களை வைத்துத்தான் இந்த 'ஜோடி' வியாபாரமே ஓடுகிறது. ஆஸ்கர் மீனுக்கும் இதையேதான் சொல்வேன். ப்ளவர்ஹார்ன் மீன் என்றால் இன்னொரு தலைவலி: ஆண் ஆணாகவே இருந்தும் பல மலடு.

இனி பீகாக். மலாவி ஏரி மீன். ஆண்தான் கலர் காட்டும், பெண் சாம்பலாக இருக்கும், குஞ்சு எல்லாமே சாம்பல்தான். மூன்று அங்குலத்தை நெருங்கும்போதுதான் ஆணுக்குச் சாதாரணமாகக் கலர் ஏற ஆரம்பிக்கும். இரண்டு அங்குலத்தில் ஒரு தொட்டி மீன் முழுக்கப் பளீரென்று இருந்தால் தீனியில் ஆண் ஹார்மோன் கலந்திருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பாதிக்குமேல் பெண்ணாகக்கூட இருக்கலாம். அந்தத் தீனியை நிறுத்திய சில வாரத்தில் கலர் மங்கும், இனப்பெருக்கமும் கெடும். இது திருட்டு வேலை, வேறு பெயர் சொல்ல எனக்கு வரவில்லை.

கலரை மட்டும் பார்க்கிறவர் கென்யி என்ற இன்னொரு மலாவி மீனிலும் ஏமாறுவார். அதில் பெண் நீலம், முதிர்ந்த ஆண் மஞ்சள். குஞ்சில் எல்லாமே நீலம். பீகாக் வேண்டுமென்றால் சாம்பல் குஞ்சாகப் பத்துப் பன்னிரண்டு வாங்கி வளருங்கள். கலர் வந்த ஆணில் நல்லது ஒன்றுக்கு நான்கு பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெண் முட்டையை வாயிலேயே மூன்று வாரம் அடைகாக்கும். அப்போது தாடை உப்பி, தீனி எடுக்காது. நோய் என்று நினைத்து மருந்து ஊற்றிவிடாதீர்கள்.

இப்போதுள்ள ஏஞ்சல் இரண்டும் பெண்ணானால் விற்க வேண்டாம். முட்டை தாராளமாக இடும் தாய்மீன்கள் அவை. நீங்கள் வளர்க்கிற கூட்டத்தில் குழல் பார்த்து ஆண் தெரிந்ததும், ஒன்றை அதோடு தனித்தொட்டியில் விட்டு, முதல் வாரம் நடுவில் கண்ணாடித் தடுப்பு வைத்துப் பழக்குங்கள்.