மொழி தெரியாமலே உங்களை உலுக்கிய பாட்டு எது?

ஆஸ்திரிய இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலரின் ஒரு ஜெர்மன் பாட்டு. மூன்று நிமிடம்கூட இருக்காது. தலைப்பைத் தமிழில் 'மண்ணுலக வாழ்வு' என்று சொல்லலாம்.

நுங்கம்பாக்கம் மாக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன் படிக்கத் தொடங்கியிருந்தபோது, ஆசிரியை ஒருநாள் வகுப்பு முடியும் நேரத்தில் இதைப் போட்டார். எனக்குப் பிடிபட்டவை இரண்டே சொற்கள்: அம்மா, ரொட்டி. அதற்கே தொண்டை அடைத்துவிட்டது.

கதை இவ்வளவுதான். பசிக்கிறது, ரொட்டி கொடு, இல்லையென்றால் செத்துப்போவேன் என்று குழந்தை அழுகிறது. பொறு கண்ணே, நாளைக்கு அறுவடை செய்துவிடலாம் என்கிறாள் தாய். அறுத்தாயிற்று, குழந்தை மறுபடி அழுகிறது. நாளைக்குக் கதிரடிக்கலாம். அப்புறம், நாளைக்கு ரொட்டி சுடலாம். ரொட்டி வெந்தபோது குழந்தை பாடையில் கிடக்கிறது.

வரிகள் மாலருடையவை அல்ல. ஆர்னிம், பிரென்டானோ என்ற இரண்டு ஜெர்மன் கவிஞர்கள் 1805 முதல் 1808 வரை வெளியிட்ட நாட்டுப்பாடல் தொகுப்பில் இருப்பவை. அங்கே தலைப்பு 'தாமதம்'. 1890களின் தொடக்கத்தில் மாலர் இதற்கு இசையமைத்தார். குழந்தை, தாய் இரண்டு பேருக்கும் ஒரே குரல்தான். அடியில் வயலின்கள் சத்தம் அடக்கி, நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். எங்கள் தெருமுனை மாவு மில்லின் பெல்ட் ஓடுவது போல. குழந்தை எவ்வளவு கதறினாலும் அந்த ஓட்டம் ஒரு நொடிகூட நிற்பதில்லை.

தாயைக் கல்நெஞ்சக்காரி என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. அவள் பொய் சொல்லவில்லை. கதிர் ரொட்டியாக அத்தனை நாள் ஆகும். வயிறு அத்தனை நாள் தாங்காது.

நான் வியாசர்பாடியில் வளர்ந்தவன். பள்ளி நாட்களில் மதியச் சாப்பாடு உண்டு (1920லேயே ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு போட்ட ஊர் சென்னை). ராத்திரிதான் பிரச்சினை. 'நாளைக்கு ரேஷன்ல அரிசி போடுவாங்க கண்ணு' என்பார் அம்மா. அதுவும் பொய்யில்லை.

இதே மாலரின் நான்காம் சிம்பொனி, 1901இல் அரங்கேறியது, ஒரு குழந்தையின் சொர்க்கப் பாட்டோடு முடிகிறது. அங்கே காய்கறி, பழம், மீன் எல்லாம் கிடைக்கும். தேவதைகள் ரொட்டி சுடுவார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். இங்கே பிந்திவந்த ரொட்டி அங்கே கிடைக்கிறது. எனக்கு அது ஆறுதலாகவே இல்லை.

போன வருஷம் அம்மாவுக்கு இதைப் போட்டு, வரிவரியாக அர்த்தம் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "ஏம்பா, அந்தப் பொம்பளை எதிர்வீட்டுல ஒரு ஆழாக்கு மாவு கடன் கேட்டிருக்கலாமே? அவ தெருவுல யாருமே இல்லையா?"