நான்கு புதிய டம்ளர்கள்

கேள்வி: எங்கள் பிறந்த வீடு குன்னூரில், சாலையிலிருந்து அறுபது படி கீழே இறங்கினால் வரும் ஓட்டு வீடு. அம்மா இருந்தவரை தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தமாக இருக்கும். அம்மா இறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இப்போது அங்கே அண்ணன், அண்ணி, ஏழாம் வகுப்புப் படிக்கும் அவர்கள் மகள் ஆகிய மூவரும் இருக்கிறார்கள். அண்ணனுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை. அடுத்த மாதம் என் மகளுக்குப் பூப்புனித நீராட்டு விழா வைத்திருக்கிறோம். தாய்மாமனை முறைப்படி அழைப்பதற்காக நான், கணவர், மகள், மாமியார் என நால்வரும் திருப்பூரிலிருந்து தாம்பூலத் தட்டோடு போனோம். முந்தைய நாளே தொலைபேசியில் சொல்லியிருந்தும் வீடு கிடந்த நிலையை எழுதவே கை கூசுகிறது. வாசலிலிருந்து கூடத்துக்குப் போக ஒற்றையடிப் பாதைதான். இரு பக்கமும் இடுப்புயரத்துக்குத் துணி மூட்டை, பழைய செய்தித்தாள், அட்டைப் பெட்டி, காலி பாட்டில். சுவரெல்லாம் பூசணம், மூலையெல்லாம் எலிப் புழுக்கை, சமையல் மேடை நிறையக் கழுவாத பாத்திரம். உட்கார இடமில்லாமல் தட்டை நின்றுகொண்டே கொடுத்தோம். டம்ளரில் ஒட்டியிருந்த விலை ஸ்டிக்கரைக்கூடக் கிழிக்காமல் அண்ணி தேநீர் கொண்டுவந்தார். மாமியார் அதைக் கவனித்து, என்னைப் பார்த்துச் சிரித்தார். யாரும் குடிக்கவில்லை. அன்று முதல் என் புகுந்த வீட்டில் இதே பேச்சு. அண்ணி வேலைக்கும் போவதில்லை. எப்படித்தான் இப்படி ஒரு பெண் இருக்க முடியும்? விழாவுக்காக அவர்கள் திருப்பூர் வந்து தங்கும் இரண்டு நாளில், அண்ணனிடம் சாவியை வாங்கி, ஆள் விட்டு எல்லாவற்றையும் லாரியில் அள்ளிவிடலாம் என்கிறார் என் கணவர். அண்ணிக்குத் தெரியாமல் இருந்தால்தான் நடக்கும். செய்யலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: செய்யக்கூடாது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன், போகிற போக்கில் எழுதிவிட்டு நீங்கள் தாண்டிப் போன அந்த ஸ்டிக்கருக்கு உங்களைத் திரும்ப அழைத்துப் போக வேண்டியிருக்கிறது.

அண்ணியின் அலட்சியத்துக்குச் சாட்சியாகத்தான் அதை எழுதியிருக்கிறீர்கள். எந்த வீட்டிலும் புழங்குகிற டம்ளரில் விலை ஸ்டிக்கர் இருப்பதில்லை. அன்றோ முந்தைய நாளோ வாங்கிய டம்ளரில்தான் இருக்கும். அந்த வீட்டில் பாத்திரத்துக்குப் பஞ்சமில்லை என்பதையும், மேடை நிறையக் கழுவாமல் கிடந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நடந்தது என்னவாக இருக்கும் என்று ஒரு நிமிடமாவது யோசித்தீர்களா? நாளைக்கு வருகிறோம் என்று நீங்கள் தொலைபேசியில் சொன்னதும், மூன்று ஆண்டுகளாகச் சேர்ந்ததை ஒரு பகலில் அகற்ற முடியாது என்று நன்றாகவே அறிந்த ஒருவர், நாத்தனாரின் மாமியார் வாய்வைத்துக் குடிக்கக் கூசாத பாத்திரமாவது இருக்கட்டும் என்று, அந்த அறுபது படியையும் ஏறிக் கடைவீதிக்குப் போய்ப் புதிய டம்ளர் வாங்கிக்கொண்டு மறுபடியும் அறுபது படி இறங்கி வந்திருக்கிறார். ஸ்டிக்கரை உரிக்க நேரமில்லாமல் போயிருக்கலாம். பதற்றத்தில் கண்ணில் படாமல் இருந்திருக்கலாம். ‘இது புதியது, தயங்காமல் குடியுங்கள்’ என்று வாய்விட்டுச் சொல்ல முடியாததால், அதுவே சொல்லட்டும் என்று விட்டும் வைத்திருக்கலாம்.

அந்தத் தேநீரைத்தான் நான்கு பேரும் தொடாமல் வைத்துவிட்டு வந்தீர்கள். மாமியார் சிரித்ததை எழுதிய நீங்கள், அந்தச் சிரிப்புக்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதவில்லை. பதிலுக்குச் சிரித்திருப்பீர்கள், அல்லது தலையைக் குனிந்திருப்பீர்கள். இரண்டில் எது என்பது உங்களுக்குத் தெரியும். தேயிலை விளைகிற ஊரில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு, ஒரு வீட்டில் கொடுத்த தேநீரைக் குடிக்காமல் திரும்பினால் அதற்கு என்ன பொருள் என்று நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட கடிதங்கள் இந்தப் பகுதிக்குப் புதியவை அல்ல. நாத்தனார் எழுதுவார், பக்கத்து வீட்டுக்காரர் எழுதுவார், வீட்டை வாடகைக்கு விட்டவர் எழுதுவார், ஒரு முறை பெண் பார்க்கப் போய்விட்டு வந்தவர்கள்கூட எழுதினார்கள். எல்லாக் கடிதத்திலும் ‘எப்படித்தான் இப்படி ஒரு பெண்’ என்ற வரி தவறாமல் இருக்கும். ‘எப்படித்தான் இப்படி ஓர் ஆண்’ என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. உங்கள் அண்ணனைப் பற்றி நீங்கள் சொல்வதெல்லாம் இரவு வேலை என்பது ஒன்றுதான். அந்த ஒற்றையடிப் பாதை வழியாகத்தான் அவரும் தினமும் வேலைக்குப் போய் வருகிறார். அந்த மூட்டைகளுக்கு நடுவில்தான் பகலில் படுத்துத் தூங்குகிறார். போகும்போது ஒரு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறியிருந்தால்கூட மூன்று ஆண்டில் எத்தனை மூட்டை சாலைக்குப் போயிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அம்மா இருந்தவரை வீடு அவ்வளவு சுத்தமாக இருந்தது என்கிறீர்களே, அம்மாவின் கடைசி நாட்களில் அந்தத் தரையைத் துடைத்தது யார்? அவரைக் குளிப்பாட்டியது யார்? நீங்கள் திருப்பூரில் இருந்தீர்கள்.

நானும் குன்னூரில் ஒன்பது ஆண்டுகள் வாடகை வீட்டில் குடியிருந்தவள் என்பதால் ஒன்று சொல்ல முடியும். அங்கே தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை துவைத்த துணி நாள்கணக்கில் கொடியில் கிடந்தாலும் ஈரம் போகாது, மடித்து வைத்தால் பூசணம் மணக்கும், மறுபடி துவைக்கத் தெம்பில்லாதவர்கள் மூட்டை கட்டி மூலையில் போடுவார்கள். குப்பை வண்டி சாலையில்தான் நிற்கும். திருப்பூரில் வாசலுக்கு வருகிற வண்டியில் கூடையைக் கவிழ்ப்பதும், ஈரம் ஊறிய காகிதக் கட்டை அறுபது படி சுமந்து ஏறுவதும் ஒன்றில்லை. ஏற முடியாமல் பின்வாசலில் கொட்டினால் கரடி வரும். இதனால் அந்த வீடு அப்படித்தான் இருக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. என் வீடும் அதே மழையில்தான் இருந்தது. தெம்பு குறைந்த ஒருவர் ஒரு மாதம் தளர்ந்தால், அடுத்த மாதம் அந்தச் சுமையைத் தனியாகத் தூக்கவே முடியாமல் போகும் ஊர் அது என்பதைப் பிறந்த ஊரை மறந்துவிட்ட உங்களுக்கு நினைவூட்டுகிறேன்.

பொருள்களை எறிய முடியாமல் வீடு நிறையச் சேர்த்து வைப்பதைத் தனி நோயாக மனநல மருத்துவம் ஏற்றுக்கொண்டது அண்மையில்தான். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 2013-இல் அதைத் தனியாகப் பிரித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 2022-இல் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பில் அது இடம்பெற்றது. (தமிழில் இன்னும் அதற்கு நல்ல பெயர் அமையவில்லை. பதுக்கல் என்றால் நமக்கு ரேஷன் அரிசிதான் நினைவுக்கு வருகிறது.) அந்த இரண்டு நூல்களும் மருத்துவரைக் கவனிக்கச் சொல்கிற செய்திகளில் ஒன்று, தன் வீட்டின் நிலை பழுதானது என்று அந்த மனிதருக்கே தெரிகிறதா என்பது. தெரியாதவரிடம் யார் போய் என்ன சொன்னாலும் ஏறாது. உங்கள் அண்ணிக்குத் தெரிகிறது. தெரிகிறது என்பதற்கான சாட்சியைத் தேநீரோடு உங்கள் கையில் கொடுத்தார். நீங்கள்தான் அதைக் குற்றப்பத்திரிகையில் சேர்த்துவிட்டீர்கள்.

அவருக்கு அந்த நோய்தான் என்றும் நான் சொல்லவில்லை. கடிதத்தைப் படித்து நோய் சொல்கிற வழக்கம் எனக்கு இல்லை. ஆனால் ஒன்றை நீங்கள் போய்ப் பார்க்கலாம். ஒரு காலி பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போகப் பார்த்தால் அவர் பதறித் தடுக்கிறாரா, அல்லது எடுத்துப் போனால் போகட்டும் என்று எழ முடியாமல் உட்கார்ந்திருக்கிறாரா? தடுத்தால் அது பொருளை விட முடியாத தவிப்பு. எழவே முடியவில்லை என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம்; தைராய்டு குறைவு, இரத்தசோகை போன்ற உடம்புக் குறையாகவும் இருக்கலாம். ஒரு மாமியார் மறைந்த பிறகு நொடித்துப் போகும் மருமகள்கள் உண்டு. அதை நம்ப நம் ஊரில் ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இனி லாரிக்கு வருகிறேன். சொல்லாமல் அள்ளிப் போட்ட வீடு மீண்டும் நிறைந்துவிடுவதும், அள்ளியவர்களுக்கு அந்தக் கதவு அதன்பின் திறக்காமல் போவதும் இத்தகைய குடும்பங்களோடு பழகியவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது. உங்கள் கணவர் கணக்கில் விட்ட இன்னொன்றும் உண்டு: லாரி அந்த அறுபது படியில் இறங்காது. கூலியாட்கள் ஒவ்வொரு மூட்டையாகத் தூக்கி, அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாம் வாசலில் நின்று வேடிக்கை பார்க்க, சாலைக்குச் சுமப்பார்கள். இரண்டு நாள் கழித்து ஊர் திரும்புகிற அந்தச் சிறுமி தெருவிலேயே அதைக் கேள்விப்படுவாள். அந்தத் துணி மூட்டைகளில் எது உங்கள் அம்மாவின் புடவை என்று கூலிக்கு வந்தவருக்கு எப்படித் தெரியும்? தாய்மாமன் சீரோடு வந்து உங்கள் மகளுக்கு மாலை போட வேண்டும், அதற்காக அவர் வீட்டைப் பூட்டிவிட்டு வர வேண்டும், பூட்டிய வீட்டுக்குள் அவர் மனைவிக்குத் தெரியாமல் ஆள் நுழைய வேண்டும் என்ற மூன்றையும் ஒரே கடிதத்தில், எதுவும் உறுத்தாமல், உங்களால் எப்படி எழுத முடிந்தது?

இதில் என் எண்ணம் பழமையானது, அதை மறைக்க மாட்டேன். பிறந்த வீட்டிலிருந்து சீர் எதிர்பார்க்கிற பெண்ணுக்கு அந்த வீட்டின் அழுக்கிலும் பங்கு உண்டு. பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு என்று தமிழ்நாட்டில் 1989-இல் சட்டம் வந்தபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி; பங்கு என்றால் பத்திரத்தில் இருப்பது மட்டும்தான் என்று அப்போதும் நான் நினைக்கவில்லை.

விழாவுக்கு முன் ஒரு முறை தனியாகப் போங்கள். மாமியாரை அழைத்துப் போகாதீர்கள்; அவர் வாயை அடைப்பது உங்கள் கணவரின் பொறுப்பு, லாரிக்கு ஆள் பிடிக்க முடிகிறவரால் பெற்ற தாயிடம் ஒரு வார்த்தை சொல்லவும் முடியும். இரண்டு இரவு தங்குங்கள். படுக்க இடமில்லை என்பீர்கள். அந்த இடத்தை உண்டாக்குவதுதான் முதல் வேலை. எதை எறியலாம், எதை வைக்கலாம் என்ற முடிவு அண்ணியுடையது, உங்கள் கை சுமப்பதற்கு மட்டும். அழகுபடுத்தப் புறப்படாதீர்கள். வாசலுக்குப் போகும் வழி, அடுப்பைச் சுற்றியுள்ள இடம், மின்கம்பிமேல் கிடக்கும் துணி, திறக்க முடியாமல் அடைபட்ட சன்னல் ஆகிய இந்த நான்கையும் பாருங்கள். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். சரிவில் நிற்கிற வீட்டிலிருந்து இருட்டில் ஒரு குழந்தை ஓடி வெளியேறப் பாதை வேண்டும். பனிக்காலத்தில் குளிர் தாங்காமல் அடைத்த அறைக்குள் கரி மூட்டினால் வெளியாகும் நச்சுவாயுவுக்கு வாசனை கிடையாது. இதையும் அண்ணனிடம் சொல்லுங்கள். எலி புழங்கிய இடத்தில் வெறுங்கையோடு வேலை செய்யாதீர்கள், எலிக்காய்ச்சல் அதன் சிறுநீரிலிருந்து வருவது.

அண்ணனைப் பகல் தூக்கத்திலிருந்து எழுப்பி, தினமும் ஒரு மூட்டை அவர் தோளில் ஏற வேண்டும் என்று தங்கை என்ற உரிமையோடு சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் அது சண்டையாகாது, அண்ணி சொன்னால் ஆகும். அண்ணியை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய் முதலில் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். உடம்புக்குப் பார்க்கிறோம் என்றால் வருவார், மனதுக்கு என்றால் தயங்குவார், ஒன்றிலிருந்து மற்றதற்கு மருத்துவர் கொண்டுபோவார். அவர் யாரிடமாவது பேச விரும்பினால் அரசின் டெலிமானஸ் சேவையில், 14416 என்ற எண்ணில், கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம். எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு, பேசினீர்களா என்று தினமும் கேட்டுத் துளைக்காதீர்கள்.

போன உடனே மூட்டையில் கைவைக்க வேண்டாம். முதலில் உட்காருங்கள், இடமில்லையென்றால் வாசற்படியில் உட்காருங்கள். அண்ணி தேநீர் கொண்டுவந்தால் குடித்துவிட்டு, டம்ளரை நீங்களே கழுவி வையுங்கள்.