லாரிக்கான தேர்டு பார்ட்டி பிரீமியம் இவ்வளவு உயர்ந்ததற்கு விபத்து வழக்குகள்தான் காரணமா?

விபத்து நஷ்டஈட்டு வழக்குகள் பெருகியதால்தான் லாரிகளுக்கான இன்சூரன்ஸ் கட்டணம் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது என்றும், நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு போன்ற ஊர்களின் தொழிலே அதனால் நசிகிறது என்றும் பேசுகிறார்களே, இது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சங்ககிரியில் லாரி வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவன்; பிறகு ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனத்தின் தேர்டு பார்ட்டி (அதாவது, வண்டியால் பிறருக்கு ஏற்படும் இழப்புக்கான) கிளெய்ம் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன். வழக்குகள் பிரீமியத்தை உயர்த்துகின்றன என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், அந்தச் செலவு எந்த வழியாக வந்து ஊரைத் தொடுகிறது என்பதில் பொதுவாகச் சொல்லப்படும் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் ஒரு கணக்கைப் பார்ப்போம். மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்துவந்த 32 வயதுத் தச்சர் ஒருவர் லாரி மோதி இறந்துவிட்டார் என்றும், மனைவி, இரு குழந்தைகள், தாய் ஆகிய நால்வர் அவரை நம்பியிருந்தனர் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு வருமானம் 1,80,000 ரூபாய். சுயதொழில் செய்பவர், நாற்பது வயதுக்கு உட்பட்டவர் என்பதால், உச்ச நீதிமன்றம் 2017இல் பிரணய் சேத்தி வழக்கில் வகுத்தபடி எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் கூட்டினால் 2,52,000 ஆகிறது. நான்கு பேர் சார்ந்திருந்ததால் அவருடைய சொந்தச் செலவுக்காகக் கால் பங்கைக் கழிக்க, மிஞ்சுவது 1,89,000. இதை 2009ஆம் ஆண்டின் சர்ளா வர்மா தீர்ப்பிலுள்ள வயதுவாரி அட்டவணைப்படி 16ஆல் பெருக்கினால் 30,24,000 ரூபாய். துணையையும் பாசத்தையும் இழந்ததற்கு ஆளுக்கு 40,000, சொத்திழப்புக்கு 15,000, இறுதிச் சடங்குக்கு 15,000 என்று சேர்த்தால் 32,14,000 வருகிறது. (இந்தச் சில்லறைத் தலைப்புகளை மூன்றாண்டுக்கு ஒருமுறை 10 சதவீதம் உயர்த்தவும் அதே தீர்ப்பு சொல்கிறது, கணக்கு எளிதாக இருக்க அதை விட்டுவிட்டேன்.) மனு தாக்கலான நாளிலிருந்து நம் நீதிமன்றங்கள் பெரும்பாலும் தரும் ஏழரை சதவீத வட்டியை, வழக்கு ஐந்தாண்டுகள் இழுத்ததாகக் கொண்டு சேர்த்தால், இன்னொரு 12,05,250 ரூபாய். ஆக மொத்தம் 44 லட்சத்துக்குச் சற்று மேல்.

இப்போது மறுபக்கம். 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 20 முதல் 40 டன் வரை மொத்த எடை கொண்ட, வாடகைக்கு ஓடும் சரக்கு லாரிக்கு ஓராண்டுத் தேர்டு பார்ட்டி பிரீமியம், வரி நீங்கலாக, 43,950 ரூபாய். அதாவது, அந்த ஒரு தச்சரின் குடும்பத்துக்குப் பணம் கொடுக்க, அந்த ஆண்டில் யார் மீதும் மோதாத நூறு லாரிகளின் பிரீமியம் தேவைப்படுகிறது. அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்தது அதிகம் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். ஒரு தச்சரின் முப்பது ஆண்டு உழைப்பின் விலை அது. ஆனால் அதில் கால் பங்குக்கும் மேலானது வட்டி என்பதைக் கவனியுங்கள். அந்தப் பங்கைக் கூட்டியது விபத்து அல்ல; வாய்தா.

செலவு இப்படி வளர்ந்ததற்குச் சட்ட வரலாறும் ஒரு காரணம். 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில், சரக்கு வாகனத்தால் ஏற்படும் இழப்புக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் ஏற்க வேண்டிய பொறுப்பு, 1982 திருத்தத்துக்குப் பிறகுகூட, ஒன்றரை லட்சம் ரூபாயோடு நின்றுவிட்டது. மிச்சத்தை உரிமையாளரிடம் வாங்க வேண்டும், அவரிடம் இருக்காது. 1989 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 1988ஆம் ஆண்டுச் சட்டம் உயிரிழப்புக்கும் காயத்துக்கும் அந்த வரம்பை நீக்கியது. 1994 திருத்தம், மனு செய்வதற்கு இருந்த ஆறு மாதக் கெடுவையும் எடுத்துவிட்டது. மனுதாரர் தாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்றும் ஆக்கியது. பாதிக்கப்பட்டவர்கள் பக்கமிருந்து பார்த்தால் இவை எல்லாமே நியாயமான மாற்றங்கள். கிளெய்ம் பிரிவின் மேஜையிலிருந்து பார்த்தால், 1997இல் விற்ற பாலிசிக்கு 2006இல் சம்மன் வரும் என்று பொருள். எந்த ஆண்டுக் கணக்கையும் மூட முடியாது. இன்னும் வராத வழக்குகளுக்கும் பணம் ஒதுக்க வேண்டும். எவ்வளவு ஒதுக்குவது என்பது ஊகம்தான். 2019 திருத்தத்தின் மூலம் 2022 ஏப்ரல் முதல் ஆறு மாதக் கெடு மறுபடி வந்திருக்கிறது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள்.

அந்த ஊகம் எவ்வளவு தவறக்கூடும் என்பதை 2007 முதல் 2012 வரை இருந்த ‘பூல்’ காட்டியது. வணிக வாகனங்களின் தேர்டு பார்ட்டி பொறுப்பை எல்லா நிறுவனங்களும் ஒரே பானையில் போட்டு, சந்தைப் பங்குக்கு ஏற்ப நஷ்டத்தைப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு அது. பாலிசியை விற்றவனுக்கு வழக்கை ஒழுங்காக நடத்தும் அக்கறை குறைந்தது. ஊரார் வீட்டு நெய்யே என்று பல கோப்புகள் கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். கடைசியில் 2011இல், நூறு ரூபாய் பிரீமியத்துக்குக் குறைந்தது 153 ரூபாய் என்ற விகிதத்தில் நஷ்டத்துக்கு ஒதுக்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட்டது. அதற்குப் பிறகுதான் பிரீமியம் ஏறக்குறைய ஆண்டுதோறும் ஏறத் தொடங்கியது.

இதுவரை சொன்னவை உங்கள் கேள்வியிலுள்ள கருத்துக்கு ஆதரவாகவே இருக்கும். நான் மாறுபடும் இடம் இனிதான் வருகிறது. தேர்டு பார்ட்டி பிரீமியத்தை முன்பு காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும், 2022 முதல் அதனைக் கலந்து மத்தியப் போக்குவரத்து அமைச்சகமும் நிர்ணயிக்கின்றன. சரக்கு லாரியைப் பொறுத்தவரை அந்தக் கட்டணம் வண்டியின் எடையையும் வகையையும் மட்டும் பார்க்கிறது; ஓட்டுகிற விதத்தைப் பார்ப்பதில்லை. பத்தாண்டுகளாக ஒரு கீறல்கூட விழாமல் ஓட்டியவருக்கும், மூன்று வழக்கு நிலுவையில் உள்ளவருக்கும் ஒரே தொகை. கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்கான போனஸ் நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதியில் மட்டும்தான் கிடைக்கும். தீங்கியல் சட்டம் என்று வக்கீல்கள் சொல்லும் அந்தச் சட்டப் பிரிவின் அடிப்படையே, அஜாக்கிரதைக்கு விலை வைத்தால் ஜாக்கிரதை வளரும் என்பதுதான். நம்முடைய ஏற்பாட்டில் விலை இருக்கிறது, ஆனால் அது அஜாக்கிரதையானவரைத் தேடிப் போவதில்லை.

ஊர் வேறுபாடும் இதில் இல்லை. அமெரிக்காவில் இது வேறு மாதிரி. ஃபுளோரிடா மாநிலத்தில் வீட்டு இன்சூரன்ஸ் வழக்குகளில் பாலிசிதாரர் வென்றால் அவருடைய வக்கீல் கட்டணத்தையும் நிறுவனமே தர வேண்டும் என்ற விதி நெடுங்காலம் இருந்தது. வழக்குகள் குவிந்தன, சில நிறுவனங்கள் திவாலாயின, சில வெளியேறின, அந்த மாநிலத்து வீட்டுக்காரர்களின் பிரீமியமே எகிறியது. 2022 டிசம்பரில் அந்த விதியை நீக்கினார்கள். 2023 மார்ச்சில், அஜாக்கிரதை வழக்குகளுக்கான கால வரம்பை நான்காண்டிலிருந்து இரண்டாண்டாகக் குறைத்தார்கள். பிரீமியம் எகிறியதற்குப் புயல்கள் ஒரு காரணமா, வழக்குகள் முழுக் காரணமா என்று அங்கே இன்னும் வாதிடுகிறார்கள். எப்படியானாலும், ஒரு மாநிலத்தின் சட்டத்துக்கான விலையை அந்த மாநிலமே கொடுத்தது. இங்கே உத்தரப் பிரதேசத்தில் போலி விபத்து மனுக்கள் பெருகி, சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கப்பட்டு, 2021இல் உச்ச நீதிமன்றமே அந்த விசாரணையின் மந்தத்தைக் கண்டித்தது. அதன் செலவில் ஒரு பங்கு சங்ககிரி லாரிக்காரரின் பிரீமியத்திலும் இருக்கிறது. போலி மனுக்கள் நம் பக்கமும் உண்டு. இன்சூரன்ஸ் இல்லாத பைக் மோதிய இடத்தில் இன்சூரன்ஸ் உள்ள பைக்கை எஃப்.ஐ.ஆரில் நுழைப்பது கிளெய்ம் பிரிவில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். சாலையில் ஓடும் வண்டிகளில் ஏறக்குறைய பாதிக்கு இன்சூரன்ஸே இல்லாத நாட்டில் இது நடப்பதில் வியப்பில்லை.

அப்படியானால் நம் ஊர்களைத் தனியாகத் தாக்குவது எது? என் அனுபவத்தில் பிரீமியத்தைவிடப் பெரிய அடி, ‘கொடுத்துவிட்டு வசூலித்துக்கொள்’ என்ற உத்தரவு. ஓட்டுநருக்குச் செல்லுபடியாகும் உரிமம் இல்லை, பெர்மிட் இல்லை என்பது போன்ற குறை இருந்தால், நிறுவனம் முதலில் குடும்பத்துக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலிக்கலாம் என்று விபத்து நஷ்டஈட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயம் சொல்லும். பாதிக்கப்பட்டவரைக் கைவிடாத நல்ல ஏற்பாடுதான். ஆனால் என் தாய்மாமா ஒருவருக்கு ஒரே ஒரு லாரி. 2009இல் மகாராஷ்டிராவில் அவருடைய வண்டி ஒருவர் மீது மோதியது. ஓட்டுநரின் கனரக உரிமம் அதற்கு ஐந்து மாதம் முன்பே காலாவதியாகியிருந்தது. மாமாவுக்கு அது தெரியாது. வழக்கு இறந்தவரின் ஊரில் நடந்தது. மொழி தெரியாத ஊருக்கு, வாய்தாவுக்கு ஒருமுறை லோடை விட்டுவிட்டு எத்தனை தடவை போவது? இரண்டு முறை போனார், பிறகு விட்டுவிட்டார். 2014இல் 11 லட்ச ரூபாய்க்கு ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வந்து, அதை வசூலிக்க நிறைவேற்று மனுவும் வந்தது. (அது நான் வேலை பார்த்த நிறுவனம் அல்ல, ஆனால் அதே வேலையை நானும் வேறு பலருக்குச் செய்திருக்கிறேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.) லாரியை விற்று, மிச்சத்துக்கு நிலத்தை அடமானம் வைத்துக் கட்டினார். இருபது லாரி வைத்திருப்பவர் இதைத் தாங்கிவிடுவார். வக்கீலையும் ஆபீசில் ஆளையும் வைத்துக்கொள்வார். ஒற்றை லாரிக்காரர் தாங்க மாட்டார். எங்கள் ஊரில் ஒற்றை லாரிக்காரர்கள் குறைந்ததற்கு டீசலும் சுங்கச்சாவடியும் பைனான்ஸ் வட்டியும் பெரிய காரணங்கள் என்றாலும், இப்படிப்பட்ட ஒரு தீர்ப்போடு தொழிலை விட்டவர்களையும் என்னால் எண்ணிச் சொல்ல முடியும்.

பிரீமிய உயர்வையும் இந்த இரு வகையினர் ஒரே மாதிரி ஏற்பதில்லை. பெரிய நிறுவனம் ஒப்பந்த வாடகையில் அதைச் சேர்த்துக்கொள்கிறது. புக்கிங் ஆபீசில் அன்றன்றைக்குக் கிடைக்கும் வாடகைக்கு ஓட்டுபவருக்கு அந்த வசதி இல்லை. வருடத்தில் ஒரு நாள் மொத்தமாகக் கட்ட வேண்டிய தொகைக்கு அவர் கடன்தான் வாங்குகிறார். 2018 ஜூலையில் எட்டு நாட்கள் நடந்த அகில இந்திய லாரி வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில், டீசல், சுங்கம் ஆகியவற்றுடன் தேர்டு பார்ட்டி பிரீமியமும் இருந்ததற்கு இதுவே பின்னணி.

நஷ்டஈட்டுக்கு உச்சவரம்பு வைத்தால் தீருமா என்றால், என் பதில் தீராது என்பதே. 2016ஆம் ஆண்டு மசோதாவில் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் பொறுப்பை உயிரிழப்புக்கு 10 லட்சம், கொடுங்காயத்துக்கு 5 லட்சம் என்று நிறுத்தும் யோசனை இருந்தது. 2019இல் நிறைவேறிய சட்டத்தில் அது இடம்பெறவில்லை. இடம்பெற்றிருந்தால், மேலே சொன்ன தச்சர் குடும்பத்துக்கு, வட்டி நீங்கலாகவே, மீதி 22 லட்சத்துக்கு என் மாமாவைப் போன்றவரின் லாரியும் நிலமும்தான் பதில் சொல்லியிருக்கும். பிரீமியம் குறைந்திருக்கலாம், ஆனால் ஒற்றை லாரிக்காரருக்கு ஆபத்து கூடியிருக்கும்.

எனக்குத் தெரிந்து உண்மையாகச் செலவைக் குறைத்தது லோக் அதாலத். இரு தரப்பும் உட்கார்ந்து பேசி, மேல்முறையீடு இல்லாமல், வட்டி ஏறுவதற்கு முன் முடித்த கோப்புகளில், குடும்பத்துக்கும் பணம் சீக்கிரம் போனது, நிறுவனத்துக்கும் மிச்சமானது. அதோடு, தேர்டு பார்ட்டிக் கட்டணத்திலும் விபத்தில்லாத ஆண்டுகளுக்குச் சலுகை தர வேண்டும் என்பது என் நெடுநாள் கருத்து. வண்டி எண்ணை வைத்தே வழக்கு விவரம் எடுக்க முடிகிற இந்தக் காலத்தில் அது கடினமான வேலையும் இல்லை.

நீங்களே லாரி வைத்திருப்பவராக இருந்தால், பாலிசி புதுப்பிக்கும் தேதியைக் குறித்துவைப்பது போல, ஓட்டுநரின் உரிமம் முடியும் தேதியையும் பெர்மிட், எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) தேதிகளையும் அதே தாளில் குறித்துவையுங்கள். வெளிமாநிலத்திலிருந்து தீர்ப்பாயச் சம்மன் வந்தால், இன்சூரன்ஸ் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று அதை மடித்து வைத்துவிடாதீர்கள். அந்தக் கம்பெனியே அந்த வழக்கில் உங்களுக்கு எதிராகப் பேசப்போகிற தரப்பாக இருக்கலாம்.